தேசப்பன் படித்த தந்தி

சாந்தோம் குப்பத்தில் தந்தி வந்தால் முதலில் அழுவார்கள், அப்புறம்தான் படிக்கச் சொல்வார்கள். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நல்ல சேதிக்கு அவசரம் கிடையாது. அது கடிதத்தில் ஏறி ஆடி அசைந்து வந்து சேரும். பிள்ளை பிறந்தது, பெண் பெரியவளானாள் என்று எவனாவது தந்தி அடிப்பானா? மயிலாப்பூர் வக்கீல் வீடுகளில் வேண்டுமானால் அடிப்பார்கள். குப்பத்துக்கு வந்த தந்தி ஒவ்வொன்றும் ஒரு சாவோடுதான் வந்திருக்கிறது. ஆகவே காக்கிச் சட்டைக்காரனின் சைக்கிள் மணல் விளிம்பில் வந்து நின்றதுமே பெண்கள் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கொண்டையை அவிழ்ப்பார்கள். யார் வீட்டுக்கு என்று தெரிந்ததும் பச்சையம்மா ஒப்பாரியைத் தொடங்குவாள். எட்டூர்ச் சாவுக்கும் குரல் கொடுக்கிற தொண்டை அவளுடையது. அந்த அழுகைக்கு நடுவில் தேசப்பன் வந்து, இன்னார் போய்விட்டார் என்று படித்துச் சொல்வார்.

தேசப்பன் முப்பது வருஷம் அடையாற்றில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பட்லராக இருந்தவர். துரை வேலை முடிந்து தன் ஊருக்குக் கப்பலேறிய பிறகு, துரைசாணி கொடுத்த பழைய கோட்டோடும் மூக்குக் கண்ணாடியோடும் குப்பத்துக்குத் திரும்பினார். இங்கிலீஷில் பேசியே காலம் தள்ளினவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாமலா இருக்கும் என்று குப்பம் தானே முடிவு கட்டிக்கொண்டது. தமிழ் பேசுகிற நாம் எல்லாரும் தமிழ் படிக்கிறோமா என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தேசப்பனுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. அவருடைய இங்கிலீஷ் முழுக்கக் காது வழியாக ஏறி வாய் வழியாக இறங்கியது. "மாஸ்டர் டன் கான் அவுட், மிஸ்ஸி ஸ்லீப்பிங்" என்று தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார். துரைக்கும் அது போதுமாக இருந்தது. குப்பம் திரும்பிய முதல் வாரமே ஒருத்தி கடுதாசியோடு வந்து நின்றாள். "எனக்குத் தெரியாது" என்ற பேச்சு அவர் தொண்டை வரைக்கும் வந்தது. கோட்டுப் போட்டிருந்த ஆளால் அதைச் சொல்ல முடியவில்லை. அன்று விழுங்கினதைப் பத்து வருஷமாக விழுங்கிக்கொண்டே இருந்தார். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்களே, குப்பத்துக்கு அவர் அந்த இலுப்பைப் பூ.

பிழைப்பதற்கு ஒரு வழியும் வைத்திருந்தார். கடிதம் என்றால், "வெச்சிட்டுப் போ, கண்ணு கூசுது, சாங்காலம் சொல்றேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டு, கச்சேரி ரோட்டு மருந்துக் கடைக் கம்பவுண்டரிடம் படித்துக் கேட்டு மனப்பாடம் செய்து வந்து ஒப்பிப்பார். தந்தி என்றால் அவ்வளவு நேரம் கிடையாது. அதற்குத் தணிகாசலம் இருந்தான். தந்தி கொண்டுவரும் சேவகன், பழைய சிநேகிதன். குப்பத்துக்குள் நுழைந்ததும் முதல் குடிசையான தேசப்பன் வீட்டில்தான் சைக்கிளைச் சாய்ப்பான். ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பான். குடித்துவிட்டு வாயைத் துடைக்கிற சாக்கில், "குப்பன் மாமனாரு, நேத்து, காலரா" என்று முணுமுணுப்பான். அப்புறம் தேசப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காகிதத்தைத் தூரத்தில் பிடித்து, நிறுத்தி நிறுத்திப் படிக்கிற அழகைப் பார்த்துத் துக்கத்திலும் சிலர் மெச்சிக்கொள்வார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம், ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்த தந்திச் சேவகன் தணிகாசலம் இல்லை. யாரோ புதுப் பையன். அவனுக்குத் தண்ணீர் தாகம் எடுக்கவில்லை. நேரே ஜெசிந்தாவின் குடிசை வாசலுக்குப் போய்க் காகிதத்தைக் கொடுத்து, கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டு, வந்த வேகத்தில் போய்விட்டான்.

ஜெசிந்தாவின் புருஷன் மிக்கேல் துறைமுக வேலைக்கென்று ரங்கூனுக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. கல்யாணமாகி இரண்டு வருஷம்; பிள்ளை இல்லை. அவள் அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அவளுக்காக அழப் பச்சையம்மா வந்து சேர்ந்தாள்.

"கப்பலேறிப் போனவரே, எங்
கண்ணுக்கு மறைஞ்சவரே,
மரமெல்லாம் கரை சேர..."

கட்டுமரத்தை மரம் என்றே சொல்கிற ஊர் அது. அந்த அடியின் மறுபாதியைப் பாட அவள் மூச்சு வாங்கிய இடத்தில் தேசப்பன் உள்ளே வந்தார். ஜெசிந்தா காகிதத்தை நீட்டினாள்.

நான்கு சொற்கள் இருந்தன. அதுவரைக்கும் அவர் தந்தியை நிஜமாகப் பார்த்ததே இல்லை; பார்ப்பதுபோல் பிடித்திருப்பார், அவ்வளவுதான். அன்று பார்த்தார். பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கோடும் மனசில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது சொல் சின்னது. வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிற ஓர் எழுத்து, ஒரு தனிக் கழி, பல் உடைந்த சீப்பு மாதிரி ஒன்று, மறுபடி அதே வயிறு தள்ளின எழுத்து. அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதுகில் கோட்டுக்குள்ளே வேர்வை ஓடியது.

ஜெசிந்தா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்துவிட்டான் என்று சொல்லலாம். சொல்லி, மறுநாள் அவன் உயிரோடு வந்து நின்றால்? தெரியாது என்று சொல்லலாம். அதைச் சொல்லக் கூச்சம் விடவில்லை. அதையும் மீறி அந்தப் பெண்ணின் முகம் அவரை என்னவோ செய்தது. பெற்ற மகளைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, வாயில் வந்ததைச் சொன்னார்.

"வர்றானாம்மே. வெள்ளிக்கெழம வர்றானாம்."

அழுகை அத்தனையும் நின்றுபோனது. அவிழ்த்த கொண்டையைப் பெண்கள் திருப்பிச் செருகிக்கொண்டார்கள். ஒருத்தி சிரித்தாள். ஜெசிந்தா தேசப்பன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பச்சையம்மா மட்டும் தொண்டையில் முள் சிக்கினவளைப் போல எச்சிலை விழுங்கிக்கொண்டு நின்றாள்.

"இன்னா நைனா இப்டி பண்ணிட்ட? வாயெடுத்த ஒப்பாரிய பாதியில வுடக் கூடாது. அது சும்மா இருக்காது" என்றாள்.

வெள்ளிக்கிழமை என்று சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. அதற்குள் தணிகாசலத்தைப் பிடித்து விஷயத்தைத் தெரிந்துகொள்ளலாம். விசாரித்ததில் காலில் புண்ணாகி ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று தெரிந்தது. புதன்கிழமை அங்கே போனார். தணிகாசலம் அந்தத் தந்தியைப் பார்க்கவில்லை. ஆனால் கட்டுப் போட்ட காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்துக்கொண்டு, "நீயே சொல்லு தேசப்பா. வெளியூர்லேந்து குப்பத்துக்கு வந்த தந்தி என்னிக்காச்சும் சிரிக்க வெச்சுகீதா?" என்று கேட்டான்.

தேசப்பன் திரும்பி நடந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்பது, அவன் வராவிட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது, அதற்குமேல் அவர்கள் காறித் துப்பினால் துடைத்துக்கொள்வது. வழி நெடுக இதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் மிக்கேல் வந்தான்.

ரங்கூன் கப்பல் வருகிற துறைமுகம் வடக்கே இருக்கிறது. அவன் தெற்கேயிருந்து, அடையாற்று முகத்துவாரப் பக்கமிருந்து, பாதையே இல்லாத கரையோரமாக நடந்து வந்தான். பெட்டி இல்லை, மூட்டை இல்லை. எந்தக் கப்பல் என்று கேட்டதற்கு, "வந்துட்டேன்ல" என்றான். ஜெசிந்தா ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தாள். பிடித்த கையை ஒரு நொடி எடுத்துப் பார்த்துக்கொண்டாள், மறுபடி பிடித்தாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற தேசப்பனை மிக்கேல் தேடிக் கண்டுபிடித்தான்.

"கூப்ட்டியாமே நைனா. வந்துட்டேன்."

தந்தியைப் படித்த கதையை அவனிடம் சொல்ல இன்னும் ஒருவருக்கும் நேரம் கிடைத்திருக்கவில்லை.

முதல் பத்து நாள் குப்பம் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. தேசப்பன் படிச்சா படிச்சதுதான் என்று பேசிக்கொண்டார்கள். அவர் வெற்றிலை போடுவதுபோல் வெறும் வாயை மென்றுகொண்டிருந்தார். அப்புறம் ஒரு நாள் முடிவெட்டுகிறவன் வந்து, மிக்கேலுக்கு மூன்று வாரமாகத் தாடியே வளரவில்லை, ரங்கூன் சோப்பின் மகிமையா என்று வேடிக்கையாகக் கேட்டுவிட்டுப் போனான். மிக்கேல் உட்கார்ந்து எழுந்த காய்ந்த மணல் ஈரமாக இருந்ததைத் தேசப்பன் இரண்டு தரம் தொட்டுப் பார்த்தார். பச்சையம்மா மயிலாப்பூர்த் தெருக்களில் வஞ்சிரம் விற்றுக்கொண்டே போகும்போது அவளை அறியாமல், "மரமெல்லாம் கரை சேர" என்று வாய் முணுமுணுத்தது. வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மிச்சம் நெஞ்சுக்குள்ளியே நிக்குது நைனா" என்று தேசப்பனிடம் வந்து சொன்னாள். "முழுங்கவும் முடில, துப்பவும் முடில. பாட்டு பாதியில நின்னா கூடவே ஒரு ஆளும் பாதியில நிப்பான்னு எங்கம்மா சொல்லும்."

"போமே, வேலையப் பாரு" என்று அதட்டினார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மிக்கேல் துறைமுகத்தில் கூலி வேலைக்குப் போனான். அங்கே பேர் பதிகிற புத்தகத்தில் கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தான். மை மட்டும் வட்டமாக அப்பியது. உள்ளே ஒரு ரேகை இல்லை. குமாஸ்தா துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னான், இடது கையை வைக்கச் சொன்னான், நாலைந்து விரலையும் வைத்துப் பார்த்தான். கடற்கரையில் அலை வந்து போன மணல்போல எல்லா விரலும் வழவழவென்று இருந்தன. "கல்லு தூக்கித் தேஞ்சு போச்சு போல. இனிமே ரேகையெல்லாம் செல்லாதுய்யா, காலம் மாறிப் போச்சு. இங்கிலீஷ்ல கையெழுத்துப் போடக் கத்துகினு வா" என்று அனுப்பிவிட்டான்.

அப்படித்தான் மிக்கேல் பள்ளிக்கூடத்துக்குப் போனான். மயிலாப்பூர்க் காலேஜ் பிள்ளைகள் சிலர் சேர்ந்து, கரைக்கு வந்த செம்படவர்கள் ஓய்ந்திருக்கும் பிற்பகல் வேளையில், வலை உலர்த்துகிற கொட்டகையில் ஒரு கரும்பலகையை மாட்டிப் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சங்கரன் என்ற பி.ஏ. மாணவன்தான் வாத்தியார். நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தேசப்பனும் கோட்டை மாட்டிக்கொண்டு போனார். மரியாதையாக, "குட் ஈவினிங் சார். திஸ் மேன் வாண்ட் லேர்ன் சார். ஐ டெல்லிங் ஹிம் கம்" என்றார்.

சங்கரனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தப்பா நெனச்சுக்காதீங்கோ பெரியவரே. இது பட்லர் இங்கிலீஷ். இப்போ இப்படிப் பேசினா ஆபீஸ்ல உள்ளயே விடமாட்டா. ஆனா உங்களைச் சொல்லிக் குத்தமில்லே. எங்காத்துல தாத்தா மனு எழுதினார்னா, 'தங்கள் பாதத்தில் விழுந்து வணங்கி'ன்னு ஆரம்பிச்சு நாலு பக்கம் போகும். அப்போ அதுதான் உசந்த இங்கிலீஷ்னு பேரு. இப்போ எங்க புரொபசர் அதையெல்லாம் அடிச்சுட்டு, எது சொன்னாலும் நாலே வார்த்தைல சொல்லுங்கறார். தந்தி மாதிரி."

கொட்டகையில் எல்லாரும் சிரித்தார்கள். குப்பத்தில் தேசப்பனுடைய இங்கிலீஷைக் கேட்டு மனிதர் சிரித்தது அதுதான் முதல் தடவை. மற்ற நாளாக இருந்தால் அந்த அவமானத்திலேயே செத்திருப்பார். தந்தி என்ற பேச்சைக் கேட்ட பிறகு அவர் காதில் வேறொன்றும் விழவில்லை. மிக்கேல் சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு தினமும் போய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு நின்றார். கேட்டவர்களிடம், பையன் சரியாகச் சொல்லிக் கொடுக்கிறானா என்று பார்க்கிறேன் என்றார். மற்றவர்கள் இரண்டு மாதத்தில் கற்க முடியாததை மிக்கேல் பதினைந்து நாளில் கற்றுக்கொண்டான். தூங்காதவனுக்குப் பொழுது நிறைய. சோப்பு உறையைப் படித்தான், டிராம் வண்டியின் பலகையைப் படித்தான், மாதா கோவில் தோட்டத்துக் கல்லறைகளை ஒன்று விடாமல் படித்துக்கொண்டு போனான். அவன் தொட்ட சிலேட்டு எப்போதும் ஈரமாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை சங்கரன் பலகையில் பெரிய எழுத்துகளில் ஒரு வாக்கியம் எழுதினான். "கிழ ராஜா செத்துப் போனான்" என்று அதற்குத் தமிழும் சொன்னான். தேசப்பன் பலகையைப் பார்த்தார். வயிறு தள்ளின எழுத்து, தனிக் கழி, பல் உடைந்த சீப்பு, மறுபடி வயிறு தள்ளின எழுத்து.

கம்பத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "சார், அந்தக் கடைசி வார்த்தைக்கு இன்னா அர்த்தம்?" என்று தமிழிலேயே கேட்டார்.

"செத்துப்போனான்னு அர்த்தம் பெரியவரே."

"டி, ஐ, இ, டி" என்று மிக்கேல் முன் வரிசையிலிருந்து எழுத்துக் கூட்டினான். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

அன்று சாயங்காலம் ஜெசிந்தா தேசப்பன் வீட்டுக்கு வந்தாள். இந்த இரண்டு மாதத்தில் அவள் பூரித்துப்போய் அழகாக இருந்தாள்.

"நைனா, மொத நாளே எனக்குத் தெரியும்" என்றாள். "பக்கத்துல படுத்துகினு கீறவளுக்குத் தெரியாதா? மூச்சு வர்றதில்ல. மார்ல காத வெச்சா கடல் மாதிரி ஒரு இரைச்சல் கேக்குது, அவ்ளோதான். இருந்துட்டுப் போவட்டுமே. எங்கிட்டப் பேசுது. நா சமைச்சா எதிர்ல குந்தினுகீது. எனக்கு அது போதும்."

"அந்தக் காயிதம் எங்க கீது?"

"மாதா படத்துக்குப் பின்னால. கிழிச்சுப் போட்டுடலாம்னு ஒரு நாள் எடுத்தேன். ஓரம் லேசாக் கிழிஞ்சிது. வெளில குந்தினு இருந்தது, 'நோவுது ஜெசிந்தா'ன்னுச்சு." அவள் குரல் தாழ்ந்தது. "இப்போ எழுத்தெல்லாம் படிக்குது நைனா. என்னப் பத்தி ஒரு தந்தி வந்துச்சாமே, எங்கன்னு கேக்குது. அது கண்ல பட்டு, அது வாயால படிச்சிட்டா அவ்ளோதான், பூடும். அதுக்கு முன்னாடி நீ எல்லார் எதிர்லயும் இன்னொரு தபா படிச்சிடு. வந்துட்டான், இங்கியே இருப்பான்னு படி. நீ படிச்சாத்தான் அது நிக்கும். எனக்கு வேற யார் கீறா?"

ஒரு பொய்யைச் சொன்னவனுக்கு இரண்டாவது பொய் சொல்ல என்ன கஷ்டம் என்று கேட்கலாம். முதல் பொய்யைச் சொல்லும்போது அவருக்கு உண்மை தெரியாது. இப்போது தெரியும். அதுதான் கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பிற்பகலில் குப்பத்தில் பாதி பேர் கொட்டகையில் இருந்தார்கள். மிக்கேல் சிலேட்டில் தன் பேரை இங்கிலீஷில் அழகாக எழுதி முடித்து எல்லாருக்கும் காட்டினான். பிறகு மடியிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்தான். ஓரத்தில் விரலளவு கிழிசல் இருந்தது. ஜெசிந்தா அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"இன்னிக்குப் படத்தத் தொடைக்கறப்ப கெடச்சுது" என்றான் மிக்கேல். "பயப்படாத. மொத வார்த்த எம்பேரு. அடுத்ததுக்குப் போவாம மடிச்சிட்டேன்."

சங்கரன் கையை நீட்டினான். "குடுங்கோ, நான் படிச்சுச் சொல்றேன்."

"நீ வாணாம் சார். தேசப்பன் நைனாதான் படிக்கணும். அது படிச்சு வந்தவன் நானு." கூட்டம் வழிவிட்டது. மிக்கேல் தேசப்பனிடம் வந்து நின்றான். காலடியில் மணல் கறுத்து ஈரமானது. "ஒண்ணு, பூரா வரச் சொல்லு நைனா. இல்ல, பூரா போகச் சொல்லு. பசி வர்ல, தூக்கம் வர்ல, இவ அழுதா எனக்கு அழத் தோணல. பாதியில நின்னுகினே இருக்க முடில."

காகிதம் தேசப்பன் கைக்கு வந்தது. பழக்கம் விடுமா, கண்ணாடியை எடுத்து மாட்டினார். பிரிக்கவேண்டிய அவசியமே இல்லை. அந்தச் சொல்லைத் தூக்கத்திலும் அவரால் எழுதிக் காட்ட முடியும். பக்கத்தில் ஜெசிந்தா கும்பிட்ட கையோடு நின்றாள். இருப்பான் என்று சொன்னால் இவன் இருப்பான். தாடி வளராமல், மூச்சு விடாமல், அவள் கிழவியாகிச் சாகிற வரைக்கும், அதற்கப்புறமும் இருப்பான். செத்துவிட்டான் என்று எதிரில் நிற்பவனின் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் அவருக்கு நாக்கு எழவில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இங்கே படிக்காதவன் அல்லவா கெடுத்தது என்று அவருக்குத் தோன்றியது.

கண்ணாடியைக் கழற்றினார். கோட்டையும் கழற்றிக் கம்பத்தில் மாட்டினார். பத்து வருஷமாகத் தொண்டையில் கிடந்ததை வெளியே எடுத்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது மிக்கேலு. ஒரு எழுத்துகூடத் தெரியாது. அன்னிக்கு வெள்ளிக்கெழமன்னு நானாச் சொன்னது. அதுல அப்டி எழுதல."

பத்து வருஷமும் நூற்றுக்கு நூறு மெய்யாக இருந்த அந்தப் பேச்சு, போன வியாழக்கிழமையிலிருந்து ஒரே ஒரு சொல் அளவுக்குப் பொய்யாகிவிட்டிருந்தது. அதை அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

யாராவது திட்டுவார்கள், துப்புவார்கள் என்று தேசப்பன் காத்திருந்தார். மிக்கேல் தலைச் சுமையை இறக்கி வைத்தவனைப் போல, "அப்பாடா" என்றான். ஜெசிந்தாவை ஒரு தரம் பார்த்தான். வந்த வழியே, தெற்குப் பக்கமாக, கரையோரம் நடந்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வரிசையாக ஏற்றி வைத்திருந்த கட்டுமரங்களுக்குப் பின்னால் போனான். கடைசி மரத்தைத் தாண்டி வெளியே வரவில்லை. இரண்டு பேர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். கையை விரித்துவிட்டு உட்கார்ந்தார்கள். சிலேட்டில் அவன் பேர் மட்டும் இருந்தது, அதுவும் உலர்ந்துகொண்டிருந்தது.

அப்போது பச்சையம்மாவின் வாய் தானாகத் திறந்தது.

"...எம் மவராசன் சேரலியே!"

இரண்டு மாதத்துக்கு முன்னால் விட்ட அடியை, விட்ட இடத்திலேயே, அதே சுருதியில் பிடித்தாள். பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராகக் கொண்டையை அவிழ்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்கள். சங்கரன் என்ன செய்வதென்று தெரியாமல் சாக்குக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

ஜெசிந்தா மட்டும் அழவில்லை. தேசப்பன் எதிரில் வந்து, அவர் கையிலேயே இருந்த காகிதத்தைப் பிரித்து, மடிப்பை நீவி, திரும்ப அவர் விரல்களுக்குள் வைத்தாள். கண்ணாடியையும் எடுத்துக் கொடுத்தாள்.

"படிக்கத் தெரியாமலே எவ்ளோ நல்லா படிச்ச நைனா" என்றாள். "இன்னொரு தபா படி."

தேசப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். காகிதத்தைத் தூரத்தில் பிடித்தார். வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். மூன்று சொற்கள் எப்போதும்போல வெறும் கோடுகளாக இருந்தன. இரண்டாவது சொல்லை மட்டும் அவரால் படிக்காமல் இருக்க முடியவில்லை.

"அழும்மா" என்றார்.